பங்குனிக் காலையில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

பறவை பார்க்கத் தொடங்க எது நல்ல மாதம் என்று யாரைக் கேட்டாலும் டிசம்பர், ஜனவரி என்பார்கள். வலசை வந்த வாத்துகளும், கரைச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் ஏரிகளை நிறைத்திருக்கும் நேரம் அது, தப்பில்லை. ஆனால் முதன்முதலாக வருகிறவரை அந்தக் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகிறது என்று பலமுறை பார்த்துவிட்டேன். தூரத்தில் பழுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கில் பறவைகள், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், பக்கத்தில் நிற்கிறவர் அது இந்த உள்ளான், இது அந்த உள்ளான் என்று அடுக்கிக்கொண்டே போவார், வந்தவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். அடுத்த வாரம் வரமாட்டார்.

என்னைக் கேட்டால் மாசி பாதியிலிருந்து சித்திரை பாதி வரை, அதாவது மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும்தான் புதியவர்களுக்கு ஏற்ற காலம். நான் சென்னையை வைத்துச் சொல்கிறேன், ஆனால் தமிழ்நாட்டின் சமவெளி ஊர்கள் பலவற்றுக்கும் இது ஓரளவு பொருந்தும். வாதாம், அரசு, இலவு எல்லாம் இலை கொட்டி நிற்பதால் கிளையில் உட்கார்ந்திருப்பது கண்ணில் படுகிறது. நம் ஊர்ப் பறவைகள் ஜோடி சேர்ந்து, இடம் பிடித்து, கூடு கட்டுகிற நேரம் என்பதால் காலையில் வாயை மூடுவதே இல்லை. வலசை வந்தவை கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தாலும் இன்னும் முழுக்கப் போயிருக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், பறவை சும்மா உட்கார்ந்திருக்காது. வாயில் நாரோடு பறக்கும், சண்டை போடும், ஊட்டிவிடும். என்ன பறவை என்று தெரியாவிட்டாலும் பார்க்க அங்கே ஏதாவது நடந்துகொண்டே இருக்கும்.

சரி, எப்படித் தொடங்குவது?

முதல் வேலை: ஒரு பூங்காவைப் பிடியுங்கள்

வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் எங்கும் போய்விடாது. முதலில் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். தி.நகர்க்காரருக்கு நடேசன் பூங்கா, கதீட்ரல் சாலைப் பக்கம் இருப்பவருக்குச் செம்மொழிப் பூங்கா, மற்றவர்களுக்கு மாநகராட்சிப் பூங்கா, கோயில் குளம், கல்லூரி வளாகம், மரம் அடர்ந்த பழைய குடியிருப்பு என்று ஏதாவது ஒன்று. பூங்கா பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நான் பார்ப்பது மூன்று விஷயம்தான்: வயதான மரங்கள் நாலைந்தாவது இருக்கிறதா, பட்டுப்போன கிளையை வெட்டாமல் விட்டிருக்கிறார்களா, யாரும் சுத்தம் செய்யாத புதர் மூலை ஒன்று இருக்கிறதா. பளபளவென்று புல்தரை போட்டு, செடியையெல்லாம் உருண்டையாகக் கத்தரித்து வைத்திருக்கும் பூங்காவில் மனிதர்களுக்கு வசதி, பறவைக்கு ஒன்றுமில்லை. அத்தியோ ஆலோ அரசோ பழுத்து நிற்கிற பூங்கா கிடைத்துவிட்டால் வேறு இடமே தேட வேண்டாம்.

அந்த ஒரே பூங்காவுக்கு வாரம் ஒருமுறையாவது, எட்டு வாரமும் போங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான். எட்டு இடத்துக்கு ஒவ்வொரு முறை போனவருக்கு எட்டுப் பட்டியல் கிடைக்கும். ஒரே இடத்துக்கு எட்டு முறை போனவருக்கு எந்தக் கிளையில் யார் குடியிருக்கிறார்கள், போன வாரம் இருந்த குரல் இந்த வாரம் ஏன் இல்லை, கொண்டலாத்தி எந்தப் புல்தரையில் மூக்கைக் குத்திக் குத்தி நடக்கும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தால் அது புதிது என்பதே அவருக்குத்தான் தெரியும்.

எடுத்துப்போக வேண்டியவை

தண்ணீர், தொப்பி, ஒரு சின்ன நோட்டு, பென்சில். பேனா வேண்டாம் என்பது என் பழக்கம், பனியிலும் வியர்வையிலும் எழுத்து கலைந்துபோகும். உடை மண் நிறத்திலோ இலைப் பச்சையிலோ இருந்தால் நல்லது, பளிச்சென்ற வெள்ளையும் சிவப்பும் தவிர்க்கலாம். சரசரவென்று சத்தம் போடும் பையைக் கையில் வைத்திருக்காதீர்கள். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை. அவ்வளவுதான்.

பைனாகுலர் வாங்குவதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். முதல் இரண்டு நடைக்கு அது தேவையில்லை. சும்மா கண்ணாலும் காதாலும் பாருங்கள். பிடித்துவிட்டது, தொடரப்போகிறேன் என்று தோன்றினால் 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு, 12 மடங்கு என்றால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் கூடத் தெரியும், கண்ணுக்குள் வரும் காட்சியின் அகலம் குறையும், இலைகளுக்கு நடுவே தாவுகிற தையல்சிட்டை அதில் பிடிக்கவே முடியாது. ஏழெட்டாயிரம் ரூபாயில் உருப்படியானது கிடைக்கும். கையடக்கமாக இருக்கிறதே என்று கண்காட்சியில் விற்கும் பொம்மைச் சாமானை வாங்கிவிடாதீர்கள்.

வாங்கியதும் வீட்டிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். இரண்டு குழலையும் அகட்டி, சுருக்கி, கண்ணுக்கு ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, எதிர்வீட்டுக் கதவு எண் மாதிரி ஏதாவது ஓர் எழுத்தைப் பார்த்து நடுவில் உள்ள சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, வலது கண்வைக்கும் இடத்தில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் இனி நடுச்சக்கரம் மட்டும்தான் வேலை. கண்ணாடி போடுகிறவர்கள் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிட்டுக் கண்ணாடியோடே பார்க்கலாம். பறவையைப் பார்த்ததும் கீழே குனிந்து கருவியைத் தேடி, எடுத்து, மறுபடி நிமிர்ந்து பார்த்தால் பறவை எங்கே என்று தெரியாது. பறவையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே கருவியைக் கண்ணுக்குத் தூக்க வேண்டும். மாடிக்குப் போய்க் காக்கையை வைத்து ஒரு மாலை முழுக்கப் பழகினால் வந்துவிடும்.

எத்தனை மணிக்கு

மார்ச் நடுவில் சென்னையில் சூரியன் உதிப்பது சுமார் 6.15-க்கு, ஏப்ரல் நடுவில் 6 மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே. அந்த நேரத்துக்குப் பூங்கா வாசலில் இருங்கள். எட்டரைக்குப் பிறகு வெயில் ஏறிவிடும், பறவைகள் இலைக்குள் ஒதுங்கிவிடும், நமக்கும் தலை சுற்றும். சாயங்காலம் ஐந்துக்கு மேலும் நல்ல நேரம்தான், ஆனால் பூங்காவில் கூட்டமும் சத்தமும் அப்போதுதான்.

உள்ளே போனதும் நடக்காதீர்கள். ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள் அல்லது உட்காருங்கள். நாம் உள்ளே நுழைந்ததால் பறவைகளிடம் ஏற்பட்ட சலசலப்பு அடங்க அவ்வளவு நேரம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் கண்ணை விடக் காதுக்குத்தான் வேலை. எத்தனை விதமான குரல் கேட்கிறது என்று மட்டும் விரல் விட்டு எண்ணுங்கள், பெயர் தெரிய வேண்டாம். முதல் நாள் மூன்றோ நாலோதான் எண்ண முடியும். மூன்றாவது வாரம் எட்டு வந்துவிடும். பூங்காவில் பறவை கூடியிருக்காது, உங்கள் காது பிரித்துக் கேட்கப் பழகியிருக்கும்.

அப்புறம் மெதுவாக நடங்கள். நடைப்பயிற்சிக்காரர்கள் ஐந்து சுற்று முடிக்கும் நேரத்தில் நீங்கள் அரைச் சுற்று போயிருந்தால் சரியான வேகம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய குரல்கள்

டுக்… டுக்… டுக்… டுக்… என்று ஒரே சீராக, செம்புக் குடத்தைத் தட்டுகிற மாதிரி வெயில் ஏற ஏறக் கேட்டுக்கொண்டே இருக்கிறதே, அதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பீர்கள். பம்ப்செட், பட்டறை, ஏதோ ஒன்று என்று நினைத்திருப்பீர்கள். அது செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிது, குண்டு உடம்பு, பச்சை முதுகு, நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். இவ்வளவு நிறம் இருந்தும் மரத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். காரணம், அது கூவும்போது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்கும், சத்தம் இடம் மாறுவது போலவே தோன்றும். உச்சியில் இலையில்லாத மொட்டைக் கிளை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள், காலை வெயிலுக்கு அங்கேதான் வந்து உட்காரும். கிடைத்துவிட்டால் பைனாகுலரில் அதன் தொண்டையை மட்டும் பாருங்கள். அலகு மூடியே இருக்கும். ஒவ்வொரு டுக்குக்கும் தொண்டையின் இரண்டு பக்கமும் தோல் உப்பி அடங்கும், கூடவே தலை ஒரு வெட்டு வெட்டும். நான் இதை முதலில் கவனித்த அன்று ஒரு மணி நேரம் வேறு எதையும் பார்க்கவில்லை.

இந்த மாதங்களில் அது பட்ட கிளையின் அடிப்பக்கத்தில் வட்டமாகத் துளை போட்டு வீடு அமைக்கும். மரத்தூள் பொடிப்பொடியாக விழுவதை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பட்ட கிளையை வெட்டாத பூங்காவாகப் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

குயிலைச் சொல்லவே வேண்டாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது ஆண் குயில் மட்டும்தான். கரிய உடம்பு, சிவந்த கண், ஏறிக்கொண்டே போகும் கூவல். பெண் குயில் பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, கூவாது, கிக் கிக் கிக் என்று அவசரமாகக் கத்தும். காக்கை குச்சியும் கம்பியுமாகக் கூடு கட்டத் தொடங்கிய மரத்தின் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆண் குயில் வேண்டுமென்றே காக்கை கண்ணில் படும்படி வந்து உட்காரும், காக்கைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடும், அந்த இடைவெளியில் பெண் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிடும். முழு நாடகமும் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்தான். துரத்தலை மட்டும் எந்தப் பூங்காவிலும் பார்க்கலாம்.

ஊப்… ஊப்… ஊப் என்று அடிவயிற்றிலிருந்து வருகிற குரல் செம்போத்து. காக்கை உடம்பில் செங்கல் நிறச் சிறகு, தரையில் புதருக்குள் நடந்துபோகும். உடம்புக்குப் பொருத்தமில்லாத பெரிய சத்தமாக ட்விட் ட்விட் ட்விட் என்று கேட்டால் தையல்சிட்டு, இடுப்பளவு செடிக்குள் தேடுங்கள். கும்பலாகத் தரையில் சருகைப் புரட்டிக்கொண்டு, ஒன்று கத்தினால் எல்லாம் கத்துவது தவிட்டுக்குருவி. கல்யாண முருங்கை, செம்பருத்திப் பக்கம் நீல மினுமினுப்போடு தேன்சிட்டு, சண்டைக்கார மைனா, கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு சின்னான், கம்பியில் இரட்டைவால் கரிச்சான், புல்தரைக்கு மேல் பூச்சியைப் பறந்து பிடித்துவிட்டு அதே இடத்துக்கு வந்து உட்காரும் பச்சைப் பஞ்சுருட்டான். இவற்றைத் திடமாகத் தெரிந்துகொண்டால் ஒரு பருவத்துக்குப் போதும். வலசை போகிற கூட்டத்தில் சூறைக்குருவி மட்டும் கவனியுங்கள். இளஞ்சிவப்பு உடம்பும் கறுப்புத் தலையுமாகக் கூட்டம் கூட்டமாகப் பூத்த மரத்தில் இறங்கும். இங்கிருந்து மத்திய ஆசியா வரை போய்த்தான் கூடு கட்டும், ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும்.

பெயரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்

தமிழ்ப் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவதில் மொழிப்பற்றும் உண்டு, ஆனால் அது மட்டும் காரணமில்லை. இந்தப் பெயர்கள் பலவும் பறவையைப் பார்த்துக்கொண்டே வைத்தவை. பவளக்காலி என்றால் அதன் கால் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, வாலாட்டி. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும், அது தின்பது நத்தை. ஆள்காட்டி ஆள் வருவதைக் கண்டுவிட்டால் ஊரையே கூட்டும். ஆறுமணிக்குருவி விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுக்கும். ஆங்கிலக் கையேட்டில் படம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் மனதில் தங்குவதற்கு இந்தப் பெயர்கள்தான் உதவும். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் புத்தகத்தில் இல்லாத பெயர்களும் வரும். அவற்றையும் நோட்டில் எழுதுங்கள்.

பூங்காவில் வேலை செய்கிறவர்களிடம் பேசுங்கள், இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். ஒரு மார்ச் காலையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் குக்குறுவானைத் தேடிக்கொண்டு நின்றபோது பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "இன்னாம்மா, மேலயே பாத்துக்கினு நிக்கிற?" என்று கேட்டார். சொன்னேன். "அதெல்லாம் அந்தாண்ட பட்ட மரத்துல கீது. இங்க பொந்துல ஆந்தை கீது பாரு, ரெண்டு குட்டி" என்று காட்டினார். என் தலைக்கு நேர் மேலே, கையகலப் பொந்தில், சாம்பல் பஞ்சு போல இரண்டு புள்ளி ஆந்தைக் குஞ்சுகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த மரத்தடிக்கு நான் ஒரு மாதமாக வந்துகொண்டிருந்தேன்.

பூங்கா பழகியபின் நீர்நிலை

நாலைந்து வாரம் ஆகி, பத்துப் பதினைந்து பறவை கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிறது என்றால் நீர்நிலைக்குப் போகலாம். சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணைதான் கைக்கெட்டும் தூரத்தில். 2022-இல் உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம், ஒரு பக்கம் குப்பைமேடு, மறுபக்கம் கணினி நிறுவனக் கட்டடங்கள், நடுவில் கிழித்துக்கொண்டு போகும் சாலை. மனசு கனக்கத்தான் செய்யும். அதையெல்லாம் மீறித் தண்ணீருக்குள் நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், கூழைக்கடா, அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரை. நடைபாதை போட்ட சூழல் பூங்கா இருக்கிறது, அங்கே பார்ப்பதுதான் புதியவர்களுக்குப் பாதுகாப்பு. துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடிச் சாலையோரத்தில் நின்று பார்க்கிறவர்கள் உண்டு, வண்டிகள் போகிற வேகத்துக்குக் குழந்தைகளோடு அங்கே நிற்க வேண்டாம்.

இந்தப் பருவத்தில் இங்கே பார்க்க வேண்டியது உடை மாற்றம். நீளவால் இலைக்கோழி குளிர்காலத்தில் மங்கிப்போய்க் கிடக்கும். கோடை நெருங்க நெருங்க அதற்குக் கறுத்த நீள வால் வளர்ந்து, பின்கழுத்து பொன் மஞ்சளாகப் பளபளக்கத் தொடங்கும். வலசை உள்ளான்களில் சிலவும் புறப்படும் முன் வயிறு செம்பழுப்பாக மாறியிருக்கும். டிசம்பரில் ஒன்றுபோலத் தெரிந்தவை ஏப்ரலில் தனித்தனியாகத் தெரியும்.

கிண்டி தேசியப் பூங்காவில் பொதுமக்கள் போகக்கூடியது சிறுவர் பூங்காப் பகுதிதான், செவ்வாய்க்கிழமை விடுமுறை, விடியலில் திறக்காது. ஆகவே குழந்தைகளை அழைத்துப்போக நல்ல இடம், விடியல் நடைக்கு ஆகாது. நன்மங்கலம் காப்புக்காடு புதர்க்காட்டுப் பறவைகளுக்கு அருமையான இடம். காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதி என்ன ஏது என்று விசாரித்துக்கொண்டு, தெரிந்தவர்களோடு மட்டும் போங்கள்.

வேடந்தாங்கல் சென்னையிலிருந்து 75 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. சுமார் 30 ஹெக்டேர்தான் ஏரி. நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கிளை தெரியாத அளவுக்குக் கூடுகள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து காத்தார்கள். 1798-இலேயே செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று உரிமைப் பத்திரம் வாங்கிவிட்டார்கள். மார்ச் தொடக்கத்தில் போனால் குஞ்சுகள் வளர்ந்து நிற்கும் காட்சி கிடைக்கும். பத்து மணி வெயிலில் மஞ்சள் மூக்கு நாரை சூரியனுக்கு முதுகைக் காட்டிச் சிறகை அகல விரித்து நிற்பதைத் தேடிப் பாருங்கள். அந்த நிழலுக்குள் குஞ்சுகள் இருக்கும். அது நகராது, வெயில் திரும்பினால்தான் திரும்பும். மார்ச் தாண்டிவிட்டால் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்திலேயே கரிக்கிலி பறவைகள் சரணாலயம் இருக்கிறது, கூட்டம் குறைவு, இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம்.

கூடு கண்டால்

இது கூடு கட்டும் காலம் என்பதால் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

கூட்டைக் கண்டால் நின்று பாருங்கள், கிட்டே போகாதீர்கள். எவ்வளவு தூரம் என்று கேட்டால் பறவையே சொல்லும். உங்களைப் பார்த்துக் கத்தினாலோ, வாயில் இரையோடு கூட்டுக்குப் போகாமல் கிளைக்குக் கிளை தாவினாலோ நீங்கள் மிகப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பின்வாங்குங்கள். வெட்டவெளியில் ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது என்றால் காலடியைப் பாருங்கள், சரளைக் கல்லோடு சரளைக் கல்லாக நான்கு முட்டை அங்கே எங்கோ கிடக்கிறது. வந்த வழியிலேயே திரும்பிவிடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பூங்காவில் தையல்சிட்டுக் கூடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். இரண்டு இலைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, பஞ்சு நாரால் தைத்து, தையல் தெறித்துவிடாமல் ஒவ்வொரு துளையிலும் நாரைப் பிசிறாக்கி விட்டிருந்தது. படமெடுக்க வந்த ஒருவர் மறைக்கிறது என்று முன்னால் இருந்த கிளையை ஒடித்துக் கீழே போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் இல்லாதவர், நல்ல கேமரா, நல்ல படமும் கிடைத்திருக்கும். மறுநாள் நான் போனபோது காக்கை அந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது. இலைத் தொட்டில் கிழிந்து தொங்கியது.

அதனால் இலையை விலக்காதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள், கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது இந்தப் பருவத்தில் செய்யவே கூடாத காரியம். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, கூட்டை விட்டுவிட்டு அது சண்டைக்கு வரும். கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் உடனே வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். இறகு முளைத்த குஞ்சு என்றால் பறக்கப் பழகிக்கொண்டிருக்கும், தாய் பக்கத்திலேயே இருக்கும். பூனை, நாய்க்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள்.

எழுதி வைப்பது, சேர்ந்து நடப்பது

நோட்டில் தேதி, நேரம், இடம், என்ன கண்டீர்கள், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் அலகு எப்படி, வால் எவ்வளவு நீளம், மைனாவை விடப் பெரிதா சிறிதா, கால் நிறம் என்ன என்று எழுதி, கோணல்மாணலாக ஒரு படமும் போடுங்கள். வரையும்போதுதான் எதைக் கவனிக்கவில்லை என்பது தெரியும், அடுத்த முறை அதைத்தான் முதலில் பார்ப்பீர்கள்.

மெர்லின் என்ற இலவசச் செயலி குரலைக் கேட்டு இன்ன பறவை என்று சொல்கிறது. உதவிதான், ஆனால் அது சொன்னதை அப்படியே எழுதிவிடாதீர்கள், கண்ணால் கண்டு உறுதி செய்யுங்கள். கரிச்சான் வல்லூறின் குரலை அப்படியே போட்டுக் காட்டும், செயலிக்கு மட்டுமல்ல மைனாவுக்கே அது போலி என்று தெரிவதில்லை. நோட்டு பழகியதும் பட்டியலை ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றலாம். தொடங்கிய நேரம், நடந்த தூரம், ஒவ்வொன்றிலும் எத்தனை என்று கொடுக்க வேண்டும். காக்கை, மைனா, மாடப்புறாவையும் விடாமல் எண்ணுங்கள், சாதாரணப் பறவை குறைகிறதா கூடுகிறதா என்பதை உங்களைப் போன்றவர்களின் கணக்கிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும். பிப்ரவரி நடுவில் நாலு நாள் உலகம் முழுக்கக் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், அதில் உங்கள் பூங்காவைச் சேர்த்துவிட்டால் இந்தப் பருவத்தைத் தொடங்க நல்ல நாளாக இருக்கும்.

கூட்டமாகப் போக விரும்பினால் சென்னையில் 1978-இலிருந்து இயங்கும் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் மாதிரி அமைப்புகள் இருக்கின்றன, மற்ற ஊர்களிலும் தேடினால் கிடைக்கும். கூட்டத்தில் ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. பெயர் தெரியவில்லை என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நீங்கள் கூட்டிப்போகிறவர் என்றால் ஒரு நடைக்கு ஐந்து பறவைக்கு மேல் சொல்லித்தராதீர்கள். குழந்தைகள் இருந்தால் மூன்று போதும், மீதி நேரத்துக்கு ஒரு பைனாகுலரைக் கையில் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் பூங்காவில் சருகு நிறைந்த நிழலான மூலை இருந்தால் அங்கே ஆறுமணிக்குருவி தங்கியிருக்க வாய்ப்புண்டு. பச்சை முதுகு, கட்டை வால், வயிற்றின் அடியில் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. சருகைப் புரட்டிக்கொண்டு தரையிலேயே திரியும், பார்ப்பது கஷ்டம், ஆனால் விடியலில் இரட்டைச் சீழ்க்கையாக அதன் குரல் கேட்கும். செப்டம்பர், அக்டோபரில் வந்தது, ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் ஏதோ ஒரு ராத்திரி மத்திய இந்தியாவுக்கோ இமயமலை அடிவாரத்துக்கோ கிளம்பிவிடும். சித்திரையில் தினமும் போகிறவர்களுக்கு அது எந்த நாள் என்று தெரியும். கடைசியாகக் குரல் கேட்ட தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள், அது திரும்பி வரும் தேதியை எழுத.